சுவரிலிருந்து படிக்க வேண்டிய படம்

தனுஷ்கோடிக்குப் போய்வந்தவர்களின் கைபேசியில் தவறாமல் இருக்கும் ஒரு படம் உண்டு. கூரை போன கிறிஸ்தவக் கோயில், மேலே கூம்பி முடியும் சுவர், வாசலுக்கு அப்பால் வெறும் வானம். பலர் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித்தான் மற்றவர்களுக்கு அனுப்புகிறார்கள். நிறத்தை எடுத்துவிட்டால் அழிவின் துயரம் கூடித் தெரியும் என்பது பரவலான எண்ணம்.

கைபேசி உண்டாக்கும் கறுப்பு வெள்ளை வேறு, ஃபிலிமில் பதிந்த கறுப்பு வெள்ளை வேறு. ராமநாதபுரம் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் தகரப் பெட்டிகளிலும் ஜெபப் புத்தகங்களின் தாள்களுக்கு நடுவிலும் கிடக்கிற பழைய சிறு படங்கள் இரண்டாவது வகை. உள்ளங்கையில் அடங்கும் அளவு. நடுவில் கோயில், அதன் முன்னால் பத்துப் பதினைந்து பேர். எடுத்துப் பார்ப்பவர்கள் முதலில் மனிதர்களை அடையாளம் காண்கிறார்கள், பிறகு கோபுரத்தைப் பார்த்து "வெள்ளைக்காரச் சாமியார் கட்டியது" என்று ஒரு வரி சொல்லிப் படத்தை வைத்துவிடுகிறார்கள். சுவரை யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கரையைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது சுவரைத்தான். கோயிலின் முகப்பு ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கலாம். சுவர் மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது.

அதற்கு முன் படம் என்ற பொருளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 120 ரோல் ஃபிலிமில் எடுத்த பழைய பெட்டிக் கேமராப் படங்கள் பலவும் பெரிதாக்கப்படாதவை. நெகட்டிவைத் தாளின் மேல் நேராக வைத்து, ஒளி காட்டி அச்சிட்டார்கள். நெகட்டிவ் இரண்டேகால் அங்குலத்துக்கு மூன்றேகால் அங்குலம் என்றால் படமும் அதே அளவுதான். சிறிய படம் என்று ஒதுக்குவது தவறு. பெரிதாக்காத படத்தில் நெகட்டிவின் நுணுக்கம் முழுவதும் அப்படியே இருக்கும். நல்ல பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணலாம்.

கண்ணாடியை வைத்ததும் இன்னொன்றும் தெரிந்துவிடும். சாம்பல் நிறம் புள்ளி புள்ளியாக உடைந்தால் அது ஃபோட்டோ அல்ல, ஏதோ பத்திரிகையிலிருந்தோ மலரிலிருந்தோ வெட்டிய அச்சுப்படம். மதுரை மிஷனை நடத்திய பிரெஞ்சு இயேசு சபையினர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்துக் கோயில்களையும் மக்களையும் படமெடுத்து அஞ்சலட்டைகளாக அச்சிட்டு வெளியிட்டார்கள். மிஷனுக்கு நன்கொடை தரும் பிரான்ஸ் நாட்டு அன்பர்களுக்காக எடுத்த படங்கள் அவை. அதனால் அவற்றில் கோயில் எப்போதும் நிமிர்ந்து நிற்கும், ஓலைப் பந்தல் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். குடும்பப் படத்தில் பந்தலும் இருக்கும், சப்பரமும் இருக்கும், குறுக்கே ஓடிய பிள்ளையும் இருக்கும். சரித்திரம் தேடுபவருக்கு இரண்டாவதே மேல்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. 'வெலாக்ஸ்' என்று மங்கலாக அச்சிட்டிருந்தால் அது கோடாக்கின் தாள். 'இந்து' என்றிருந்தால் ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் தாள். ஆகவே அந்தப் பிரதி 1967க்கு முந்தியதாக இருக்க முடியாது. படத்தில் உள்ள கோயில் அதற்கு முன்பே இடிந்த ஒன்றென்றால், பழைய நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் போட்ட பிரதி என்று கொள்ள வேண்டும்.

அடுத்தது நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைத் தேடுவதா என்று தோன்றலாம். பழைய ரோல் ஃபிலிம்கள் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. கோடாக் 1931இல் கொண்டுவந்த வெரிக்ரோம் ஃபிலிமும் அப்படித்தான். எல்லா நிறத்தையும் உணரும் வெரிக்ரோம் பான் 1956இல்தான் அதன் இடத்துக்கு வந்தது. சிவப்பை உணராத ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். மாதாவின் நீல அங்கி வெள்ளையாகத் தெரியும். மேகமும் வானமும் ஒன்றாகிவிடும். திருவாடானைப் பக்கம் ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் சாமியார் கொல்லப்பட்ட இடத்தின் செம்மண், பக்தர்கள் இன்றும் எடுத்துச் செல்கிற அந்தச் செம்மண், இத்தகைய படத்தில் கரிய தரையாகத்தான் இருக்கும். புதிதாக வேய்ந்த சீமை ஓட்டுக் கூரை கருகிய கூரை போலத் தோன்றும். இதை அறியாமல் "தீப்பிடித்த கோயில்" என்று யாரேனும் படத்தின் பின்னால் எழுதிவிட்டால் அந்தப் பிழை இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.

பெரிய கேமராக்களும் ராமேஸ்வரம் தீவுக்கு வந்தன. 1860களின் பிற்பகுதியில் எட்மண்ட் டேவிட் லயன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்தபோது ராமேஸ்வரம் பிரகாரத்தையும் எடுத்தார். தூண்கள் வரிசை வரிசையாகப் போய்ப் புள்ளியில் முடியும் படம். அந்தப் பிரகாரத்தின் கல் தீவில் கிடைத்ததல்ல. சேதுபதி மன்னர்களின் செலவில் வெளியிலிருந்து கடல் தாண்டி வந்தது. மணலும் பனையும் உடைமுள்ளும் தவிர வேறெதுவும் விளையாத தீவில் மீனவர் கட்டிய கோயிலுக்கு அப்படிக் கல் வரவழைக்க ஆளில்லை. காசும் இல்லை. அவர்கள் கல்லுக்குப் போன இடம் கடல்.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சங்கிலியாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்கின்றன. முருகைக்கல் என்பது அந்தப் பாறைதான். நீரிலிருந்து எடுத்த ஈரத்தில் எளிதாக வெட்டுப்படும், காற்றுப் பட்டால் இறுகும். கருங்கல்லைவிட எடை மிகக் குறைவு, மணல் அடித்தளத்துக்குத் தோது. உடம்பெல்லாம் துளை என்பதால் சாந்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வள்ளங்களில் பாறையை ஏற்றி வந்து, கரையில் குவித்து, மழையில் நனையவிட்டு உப்பை வடித்துப் பிறகு கட்டினார்கள். பெரிய உருண்டைகளைச் சதுரித்துச் சுவருக்கு வைத்தார்கள். உடைந்த கிளைகளும் சிப்பியும் காளவாசலுக்குப் போயின.

காளவாசலில் பாறை வெந்து சுண்ணாம்பாகும். நீர் விட்டால் கொதித்துப் பூக்கும். மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு, நாள்கணக்கில் இடித்தும் அரைத்தும் சாந்து ஆக்குவார்கள். பனைமரக் காடான ராமநாதபுரத்தில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. சுவரில் ஏறிய சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மீண்டும் பாறையாகிறது. உள்ளே இருக்கும் கல், மேலே இருக்கும் பூச்சு, அதன் மேல் அடித்த வெள்ளை மூன்றுமே வேதியியல்படி ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். மூன்றும் ஒரே கடலில் பிறந்தவை.

இதைச் செய்தவர்கள் யார்? எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில், ராமேஸ்வரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடும் தொழிலைச் செய்பவர்கள் என்று கடையர்களைக் குறிக்கிறார். முத்துக்குளிப்பவர்களில் ஒரு பகுதியினர் அவர்களிலிருந்து வருகிறார்கள் என்றும், கரையோரத்தில் அவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் என்றும், பரவரைப் போலவே பிரான்சிஸ் சவேரியாரின் பணியால் மதம் மாறியதாகச் சொல்லப்படுகிறது என்றும் எழுதுகிறார். அப்படியானால் இந்தக் கரையின் வழிபாட்டாளர்களில் ஒரு பகுதியினர் சுண்ணாம்பே தொழிலாகக் கொண்டவர்கள். படத்தில் பங்குச் சாமியாரும் உபதேசியாரும் நடுவில் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். காளவாசலில் நின்றவர்களை அந்த வரிசையில் தேட வேண்டாம். படத்தில் எது மிக வெண்மையாக ஒளிர்கிறதோ அதுதான் அவர்களுடைய வேலை. இக்கரையின் கோயில் சரித்திரங்கள் கட்டிய பாதிரியாரின் பெயரோடு நின்றுவிடுவது பெருங்குறை என்றே சொல்ல வேண்டும்.

கல் சுவருக்கு முன்னால் நெடுங்காலம் ஓலைதான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து ஊர் ஊராக நடந்தார். அந்நாளைய கோயில்கள் மண் சுவரும் ஓலைக் கூரையுமான கொட்டகைகள். மண்டபத்துக்கு அருகே வேதாளையில் 1549இல் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபையில் இப்படி உயிர்விட்ட முதல் ஆள் அவர். ராமேஸ்வர யாத்திரிகர்களிடம் போர்ச்சுக்கீசியர் வரி கேட்டதால் மூண்ட சண்டை அது. லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டப்பட்டார். அப்போது ராமநாதபுரத்தை ஆண்டவர் கிழவன் சேதுபதி. மறவர் சீமையில் அருளானந்தர் பூசை வைத்த இடங்களிலும் ஓலைக் கொட்டகைகளே இருந்தன. இடம் பெயர வேண்டிய சமயத்தில் விட்டுப்போவதற்கும் அவையே ஏற்றவை.

அதே கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவராக இருந்த வள்ளல் சீதக்காதியின் பெயரோடு கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளி பேசப்படுகிறது. அதன் கல் தூண்களைப் பார்த்தால் ஏதோ சிவன் கோயில் மண்டபத்தில் நிற்பதாகவே தோன்றும். கட்டிய கொத்தனுக்கு எந்த வேலை தெரியுமோ அந்த வேலை எல்லா மதத்துக்கும் போயிற்று. கிறிஸ்தவக் கோயில் வாசலில் நிற்கும் கொடிமரமும், திருவிழாவில் இறங்கும் சப்பரமும், சுவரில் விளக்கு வைக்கும் மாடக்குழியும் அப்படி வந்தவை. சிறு படத்தில் வாசலுக்கு நேரே ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு தெரிந்தால் அதைக் கீறல் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது கொடிமரமாக இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முகப்புகள் உயர்ந்தன. கூரிய வளைவு, குத்துக்கோபுரம், வட்டக் கண்ணாடிச் சாளரம் என்று பிரெஞ்சுச் சாமியார்கள் தங்கள் ஊர்க் கோயில்களை நினைவிலும் அஞ்சலட்டையிலும் கொண்டுவந்தார்கள். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து இப்போது சிவகங்கைக்குப் போய்விட்ட இடைக்காட்டூரில், ஃபெர்டினாண்ட் செல் என்ற இயேசு சபைச் சாமியார் 1894இல் பிரான்சின் ரான்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்து ஒரு கோயில் எழுப்பினார். வைகைக் கரையோரம் மண்ணுக்குக் குறைவில்லை. விதவிதமான அச்சுகளில் செங்கல்லும் சுடுமண் வேலைப்பாடும் செய்து அடுக்கினார்கள். நுணுக்கமான விளிம்புகள் செங்கல்லில் வரும், முருகைக்கல்லில் வராது. துளைக்கல்லில் கூரிய முனை செதுக்கினால் உதிர்ந்துவிடும். அதனால் கடலோரக் கோயில் ஐரோப்பிய வடிவத்தை எடுத்தாலும் அதன் விளிம்புகள் தடித்து, மூலைகள் உருண்டு, சுவர்கள் இரண்டடி மூன்றடி கனத்துக்குப் போய்விடும். ஒரு படத்தில் ஜன்னலின் பக்கச் சுவரில் எவ்வளவு ஆழமாக நிழல் விழுகிறது என்று பார்த்தாலே செங்கல் சுவரா முருகைச் சுவரா என்று பெரும்பாலும் ஊகிக்க முடியும்.

கூரைக்கு வந்தால் காலக்கணக்கு இன்னும் துல்லியப்படும். ஓலைக் கூரை செங்குத்தாகச் சரிய வேண்டும், இல்லாவிட்டால் மழை உள்ளே இறங்கும். சீமை ஓட்டுக்கு அவ்வளவு சரிவு தேவையில்லை. கூரையே போன பிறகும் இரு முனைச் சுவர்களின் கூம்பு எந்தக் கூரை இருந்தது என்று சொல்லிவிடும். சீமை ஓடு என்றால் மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்குப் பிந்தியது. இந்தக் கரைக்கு அது தாராளமாக வந்தது ரயில் வந்த பிறகு. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இல் தண்டவாளம் வந்தது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவுக்கு எதுவானாலும் தோணியில்தான். உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் உள்ளூர்ப் பனை இருந்தது. நன்கு முற்றிய பனையின் வைரம் பாய்ந்த சட்டம் உப்புக்காற்றையும் தாங்கும்.

பாலம் திறந்ததும் தனுஷ்கோடி ஊர் பெருத்தது. சென்னையிலிருந்து போட் மெயில் வந்து நிற்கும். தனுஷ்கோடித் துறையில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போகும். சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், ரயில்வே குடியிருப்பு, மருத்துவமனை, கோயில்கள். மீன்பிடிப்பவர்களும் ரயில்வேக்காரர்களும் இலங்கைக்குப் போகிறவர்களும் ஒரே பூசையில் நின்றிருப்பார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் முடிந்தது. நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை நெருங்கிய 653 எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் 46 நாட்களில் அது மீண்டும் நிமிர்ந்தது. தனுஷ்கோடியை மக்கள் வசிக்கத் தகாத இடமென்று அரசு அறிவித்தது. தண்டவாளம் அதற்கப்புறம் அங்கே திரும்பவில்லை.

தனுஷ்கோடிக் கோயிலின் இன்றைய சுவர், மருத்துவக் கல்லூரியில் அறுத்துக் காட்டும் உடல் போல, மற்றக் கோயில்கள் வெள்ளைக்கு அடியில் மறைத்து வைத்திருப்பதை எல்லாம் திறந்து காட்டுகிறது. பூச்சு உதிர்ந்த இடங்களில் முருகைக்கல்லின் வரிசை தெரிகிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சிகள் வாழ்ந்த நுண்குழிகள் அப்படியே இருக்கின்றன. தனுஷ்கோடியின் சிதைவுப் படத்தைப் படித்தவர் பிறகு தங்கச்சிமடத்தின், பாம்பனின், மூக்கையூரின் முழுமையான கோயில் படத்தை எடுத்தால் வெள்ளைப் பூச்சுக்கு உள்ளே பார்க்கக் கற்றிருப்பார்.

ஆனால் அந்தச் சிதைவுப் படங்களை வைத்துச் சொல்லும் கதையில் ஒரு திருத்தம் தேவை. படத்தில் தெரியும் அத்தனை அழிவும் ஒரே இரவில் நடந்ததென்று எழுதிவிடுகிறார்கள். புயல் தொடங்கிவைத்தது உண்மை. பிறகு அறுபது ஆண்டுகளாக உப்பு வேலை செய்கிறது. காற்றில் வரும் உப்புநீர் துளைக்கல்லுக்குள் புகுந்து, வெயிலில் காய்ந்து படிகமாகி, உள்ளிருந்தே கல்லைப் பொடிக்கிறது. அரிச்சல்முனைக்கு 2017இல் சாலை திறந்த பிறகு கூட்டமும் பெருகியது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய படத்தையும் இப்போதைய படத்தையும் அருகருகே வைத்தால் சுவர் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். தேதியில்லாத ஒரு படத்தை "புயலுக்கு மறுநாள்" என்று சொல்லுமுன், எவ்வளவு பூச்சு மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

உட்புறப் படம் கிடைத்தால் அது அரிய பேறு. வெளிச்சம் போதாத காலத்தில் உள்ளே படமெடுப்பது எளிதாக இருக்கவில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பலிபீடம். அது பின்சுவரோடு ஒட்டி, படிப்படியாக ஏறி, மேலே சுரூபங்களோடு நின்றால் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய ஏற்பாடு. சாமியார் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தை நோக்கி லத்தீனில் பூசை வைத்த காலம். சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. வழிபாட்டு மாற்றங்கள் 1965 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. அதற்குச் சுமார் இரண்டரை மாதம் முன்பே தனுஷ்கோடி போய்விட்டது. தமிழ்ப் பூசை தமிழ்நாட்டுக் கோயில்களில் பரவிய அந்த மாற்றத்தை அந்தக் கோயில் காணவே இல்லை.

வெளிப்புறப் படத்தில் ஒரு ஓரமாகக் கெபி, அதாவது கல் அடுக்கிய குகைக்குள் மாதா, இருந்தால் அது லூர்து நகரில் 1858இல் நடந்ததாகச் சொல்லும் காட்சிகளுக்குப் பிறகு வந்த வழக்கம். கோபுரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் இன்னும் பல பத்தாண்டுகள் இறங்கி வரலாம்.

நிழலும் பேசும். ராமேஸ்வரம் ஒன்பது பாகை வட அட்சத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி உச்சிச் சூரியன் அங்கே தலைக்கு நேரே வரும். பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் இறுதியில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே போகும். ஆகவே ஜூன் 13 அந்தோணியார் திருநாளிலும் ஜூலை 25 சந்தியாகப்பர் திருநாளிலும் நண்பகல் நிழல் தெற்கே விழும். பத்தடிக் கம்பத்துக்கு ஜூலைக் கடைசியில் இரண்டடிகூட இராது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கம்பத்தின் உச்சி நிழல் வடக்கே ஆறடிக்கு மேல் நீளும். கோயில் வாசல் எந்தத் திசை என்று தெரிந்தால், கொடிமரத்தின் நிழலைக் கொண்டு படம் திருவிழாவுக்கு எடுத்ததா மார்கழியில் எடுத்ததா என்று கண்டுகொள்ளலாம். தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் திருவிழாவுக்குப் பிற மதத்தவரும் திரளாக வருவார்கள். படத்தில் தொப்பியும் தலைப்பாகையும் தெரிந்தால் வியக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரத்தில் தம் தந்தையும், பெரிய கோயில் குருக்களும், கிறிஸ்தவக் கோயில் சாமியாரும் கூடி அமர்ந்து ஊர் விவகாரம் பேசித் தீர்த்ததை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அந்த ஊரின் படங்கள் இவை.

எல்லாப் படமும் ஊருக்குள் எடுத்தவை அல்ல. கச்சத்தீவில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் அந்தோணியார் கோயில் குடிநீர்கூட இல்லாத தீவில் நிற்கிறது. இரு கரை மீனவர்களும் ஆண்டுக்கொருமுறை அங்கே கூடுகிறார்கள். ராமேஸ்வரம் வேர்க்கோட்டுப் பங்கிலிருந்து யாத்திரை ஏற்பாடாகும். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கை வசமானது. 2016 டிசம்பரில் அங்கே புதிய ஆலயம் திறக்கப்பட்டது. பழைய கோயிலின் சிறிய உருவத்தையும், பெரிய பங்குக் கோயிலுக்குரிய எதுவும் அதில் இல்லாததையும் யாத்திரை போனவர்கள் எடுத்துவந்த சிறு படங்களில் பார்க்கலாம்.

கரையோரத்தில் பழைய கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவது பரவலாகிவிட்டது. மக்கள்தொகை கூடியதும் காரணம், பழைய சுவர் ஒழுகுவதும் காரணம். ஒழுகுவதற்குப் பெரும்பாலும் பழைய கொத்தனைக் குறை சொல்ல முடியாது. முருகைச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் அடைபட்டு, உப்பு உள்ளேயே படிந்து, பூச்சோடு கல்லும் பெயர்ந்து வரும். பழுதுபார்க்கிறோம் என்று சுவரைக் கொன்ற கதை ஊருக்கு ஊர் உண்டு.

மறுபடி அதே கல்லில் கட்டவும் வழியில்லை. கூடாது என்பதே சரி. வீடு, கோயில், சுண்ணாம்பு, தொழிற்சாலை என்று பல பத்தாண்டுகள் பாறையை வெட்டியெடுத்ததில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகளே நீருக்குள் போய்விட்டன. 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. கைப்பிடிப் பவளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தாலும் குற்றம். ஆகவே நிற்கிற முருகைச் சுவர்களே கடைசி. சுண்ணாம்பைச் சிப்பியில் சுட்டுக்கொள்ளலாம், கல்லுக்கு மாற்று தேட வேண்டும்.

அங்கேதான் சிறு படத்துக்கு உண்மையான வேலை வருகிறது. சுண்ணாம்பில் பழுதுபார்க்க விரும்பும் ஒரு பங்குக்கு, வரைபடம் எதுவும் இல்லாத நிலையில், படமே அளவுகோல். சீமை ஓடு ஒன்று சுமார் பதினாறு அங்குல நீளம், ஒன்பது அங்குல அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பைக் கழித்துக்கொண்டு கூரை ஓரத்து ஓடுகளை எண்ணினால் கோயிலின் நீளம் வந்துவிடும். அதைக் கொண்டு வாசலின் உயரம், வாசலைக் கொண்டு மேல் வளைவின் அகலம். கேமராவை அண்ணாந்து பிடித்திருந்தால் சுவர்கள் மேலே சாய்ந்து குவியும், அதைக் கணினியில் நேராக்கிக்கொள்ளலாம். பக்கச் சுவர் தெரியும் படமாக இருந்தால் இன்னும் நல்லது, பலரும் எடுக்காமல் விட்டது அதைத்தான்.

கொடைக்கானல் செம்பகனூரில் இயேசு சபையின் ஆவணக் காப்பகம் மதுரை மிஷனின் கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்திருக்கிறது. பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடுகளும் கோயில் கணக்குகளும் உண்டு. படத்தில் இருக்கும் பாதிரியார் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார் என்பதை அவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மற்றவை வீடுகளில் இருக்கின்றன. படத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பவர்கள் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிவிடக் கூடாது, மை ஊறி முன்பக்கம் வரும். மென்மையான பென்சிலால், விளிம்பில், ஊரின் பெயரையும் வாசல் எந்தத் திசை பார்த்தது என்பதையும், சுவர் எந்தக் கல் என்று தெரிந்தால் அதையும், சுண்ணாம்பு எந்தக் காளவாசலிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதையும் சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும்.